சற்று அசௌகரியம்

அவர் சொல்வார், அவள் எழுதுவாள். ஆறு வருடமாக அப்படித்தான் நடந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பாகங்களின் பெயர், அளவு, எண் எல்லாம் ஆங்கிலத்தில் தெரியும். அவற்றைக் கோத்து ஒரு வாக்கியமாக்கத் தெரியாது. ஆபீஸுக்கு எதை எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி.

மாலையில் வந்ததும் சமையலறைத் தொட்டியில் கை கழுவுவார். கிரீஸ் போகப் பத்து நிமிடம் ஆகும். கடிதத்துக்கு ஒதுக்கிய நேரம் அதுதான். அவர் முதுகைக் காட்டியபடி சொல்லிக்கொண்டே போவார். அவள் ஒரு நீள நோட்டில் தமிழில் அப்படியே எழுதிக்கொள்வாள். அவர் பேசும் வேகத்துக்கு ஆங்கிலம் ஈடுகொடுக்காது. மேலே தேதி போடுவாள். அவர் சாப்பிடும்போது நோட்டைப் பார்த்துப் போனில் ஆங்கிலமாக அடித்து அனுப்புவாள்.

"எழுது. ஏண்டா எருமை, மூணு வாரமா டோர் ரோலர் கேக்குறேன். உங்கப்பன் வீட்டு ரோலரா?"

எழுதினாள்.

"நாளைக்குள்ள ஒழுங்கா அனுப்பு. இல்லேன்னா நேர்ல வந்து உன் மேஜையைக் கவுத்துடுவேன்."

அதையும் எழுதினாள்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. கதவு உருளைகள் குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் கொண்டுவர விரும்புகிறேன். தங்கள் வசதிப்படி அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உருளைகள் நான்கு நாளில் வந்தன.

"பாத்தியா? நல்லாக் குடுத்தாத்தான் வேலை நடக்குது," என்றார்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. மருத்துவர் தானே தயாரித்தது. இடது பக்கம் சொல்லக்கூடாதவை, வலது பக்கம் சொல்ல வேண்டியவை. 'வாட் டு யூ வான்ட்' இடது. 'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ' வலது. 'வெயிட்' இடது. 'வுட் யூ மைண்ட் டேக்கிங் எ சீட்' வலது. இடது பக்கத்தின் முதல் சொல் வலி. அதற்கு எதிரே 'ஸ்லைட் டிஸ்கம்ஃபர்ட்' என்று இருந்தது. சற்று அசௌகரியம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு முழுத் தாளும் மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் சொல்வதைக் கேட்டவர்கள் நிம்மதியாக உள்ளே போனார்கள். அலறல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். அவர் போனிடமே நேராகப் பேசிப்பார்த்தார். எருமை விற்பனைக்கு உள்ளது என்று அது எழுதியது. அதற்குப் பிறகு அவர் போனை நம்பவில்லை.

பதில்கள் சூப்பர்வைசரிடமிருந்து வரும். அவர் வேறு ஊரில் தலைமை அலுவலகத்தில் இருந்தார். தமிழ் தெரியாது. ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். அந்த ஒரு வரி முழுக்க மருத்துவர் தாளின் இடது பக்கத்துச் சொற்களாக இருக்கும்.

ரிப்போர்ட் எங்கே, நீ தூங்குகிறாயா அல்லது பிறவியிலேயே முட்டாளா என்று ஒருமுறை கேட்டிருந்தார். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"ரிப்போர்ட் எப்பக் கிடைக்கும்னு கேக்குறார்."

"கேக்கட்டும். மரியாதையாத்தானே கேக்குறான்."

நாளடைவில் அவருக்கு சூப்பர்வைசரைப் பிடித்துப்போனது. கோபம் பாகங்கள் வராத நாட்களில் மட்டும்தான். சூப்பர்வைசருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தபோது பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய்ப் பழம் கொடுத்துவிட்டு வந்தார். கட்டிலில் படுத்தபடி சூப்பர்வைசர் ஏதோ சொன்னாராம். இவர் 'தேங்க் யூ' என்றாராம்.

அடுத்த வருடம் ஒரு சான்றிதழ் வந்தது. எங்கள் கள ஊழியர்களில் மிகவும் பண்பானவர் என்று அதில் இருந்தது. அவர் அதைச் சட்டம் போட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டினார்.

"எங்க அண்ணனுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வயிறு எரியட்டும்."

"பண்பானவர் பேசுற பேச்சா இது?"

"அது ஆபீஸ்ல. வீட்டுல என்ன பண்பு?"

*

பிரேக் பற்றிய கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதப்பட்டது. அன்று அவர் கை கழுவப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

ஏழு மாடிக் கட்டடம். லிஃப்டின் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. கீழே இறங்கும்போது மாடிக்கு நேராக நிற்காமல் வழுக்கி, நான்கு விரல் கீழே போய் நின்றது. லைனிங்கை மாற்ற வேண்டும். மாற்றும்வரை லிஃப்டைப் பூட்டிப்போட வேண்டும். பூட்டுவதற்கு ஆபீஸ் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் பூட்டினால் அன்றைய வாடகைக்காரர் புகாருக்கெல்லாம் மெக்கானிக் பதில் சொல்ல வேண்டும்.

"எழுது," என்றார். "ஏண்டா சோம்பேறி நாயே, லைனிங் போச்சுன்னு போன மாசமே சொன்னேன்."

எழுதினாள்.

"கண்ணு தெரியலையா, இல்ல படிக்கத் தெரியலையா?"

எழுதினாள்.

மூன்றாவது வரி சூப்பர்வைசரின் அம்மாவைப் பற்றியது. ஆறு வருடத்தில் அவர் திட்டு அம்மாவரை போனது அதுவே முதல் தடவை. அவள் பேனாவை நிறுத்தினாள்.

"இதுவுமா?"

"அதுவுந்தான்."

எழுதினாள்.

"இன்னிக்கு நாலு விரல் எறங்குது. நாளைக்கு நாலு மாடி எறங்கும். எவனாவது சாவான். பூட்டச் சொல்லு. இல்லேன்னா நானே பூட்டுவேன், நீ என்ன பிடுங்குறேன்னு பாக்குறேன்."

அவர் துண்டை எடுத்துக் கை துடைத்தார். அவள் அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

முதல் மூன்று வரிகளை விட்டாள். அப்படிப்பட்டவை எப்போதும் விடுபடுபவை. பூட்டுவேன் என்பது மிரட்டலாகத் தெரிந்தது. லிஃப்டுக்குச் சற்று ஓய்வளிப்பது குறித்துத் தங்கள் ஆலோசனையை நாடுகிறேன் என்று மாற்றினாள். சாவான் என்பதற்கு வந்தாள். சாவு இடது பக்கத்துச் சொல். தாளில் அதற்கு எதிரே எதுவும் எழுதியிருக்கவில்லை. வலிக்கு எதிரே இருந்ததை எடுத்துக்கொண்டாள்.

லிஃப்ட் தற்போது தளத்துக்குச் சிறிது கீழே நிற்பதால் பயணிகளுக்குச் சற்று அசௌகரியம் ஏற்படலாம். தங்கள் வசதிப்படி கவனிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருமுறை படித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அனுப்பினாள்.

ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது. பார்ட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று, அந்த பிளடி லிஃப்டை ஓட்டு, மூக்கால் அழாதே.

"என்னவாம்?"

"பார்ட் சொல்லியாச்சாம். அதுவரைக்கும் ஓட்டச் சொல்றார்."

"அதுவரைக்கும்னா எவ்வளவு நாளு?"

"சீக்கிரம் வருமாம்."

அவர் தட்டில் கை வைத்தபடி யோசித்தார்.

"நாலு மாடி எறங்கும்னு சொல்லியும் ஓட்டுன்றான்னா, நாளைக்கே அனுப்புறான்னு அர்த்தம். பொறுப்பான ஆளு," என்றார். சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மறுநாள் பிரேக்கின் ஸ்பிரிங்கை முறுக்கி இறக்கத்தை இரண்டு விரலாகக் குறைத்தார். பன்னிரண்டு நாள் பார்ட் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு சாண் கீழே நின்றது. துணி மூட்டையோடு வெளியே கால் வைத்த தையற்காரிக்குத் தரை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே இருந்தது. கால் இடறி முன்னால் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

*

விசாரணை அறிவிப்பு பதிவுத் தபாலில் வந்தது. அதனுடன் மூன்று தாள்கள். தையற்காரியின் எக்ஸ்ரே அறிக்கை, கடிதத்தின் நகல், சூப்பர்வைசரின் பதில். நகலில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

அபாயத்தின் அளவை உணரத் தவறிய மெக்கானிக்கின் உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று அறிவிப்பு கேட்டது. இதை அவள் அப்படியே படித்தாள். மென்மையாக்க வழி தெரியவில்லை.

"உணரத் தவறினேனா?" என்றார் அவர். "நாலு மாடி எறங்கும்னு சொன்னேனே. போட்டியா இல்லையா?"

அவள் தாள்களை மடிக்கப் போனாள்.

"இந்தா, அந்தக் கோடு போட்ட வரியைப் படி. தமிழ்ல படி."

"எதுக்குங்க இப்ப?"

"படின்றேன்ல."

படித்தாள். லிஃப்ட் தற்போது என்பதிலிருந்து பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் வரை படித்தாள்.

"இது யாரு பேசுறது?"

"நீங்கதான்."

"நான் எப்படி இப்படிப் பேசுவேன்? எனக்கு என்ன பேதியா?"

"நீங்க பேசுறதை அப்படியே அனுப்ப முடியுமா? அன்னிக்கே வேலை போயிருக்கும்."

"இப்ப மட்டும் நிக்குதாக்கும்?"

அவள் நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைத் திறக்கவில்லை.

"எல்லாமே இப்படியா?"

"எல்லாமே."

"ஆறு வருஷமா?"

"ஆமா."

அவர் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே பார்த்தார். பிறகு வேறொன்று தோன்றியது போல அவள் பக்கம் திரும்பினார்.

"அவன் எழுதுறது?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத. ரிப்போர்ட் எப்பக் கிடைக்கும், பார்ட் சீக்கிரம் வரும், உடம்பைப் பாத்துக்கோ. அதெல்லாம் அவன் எழுதினதா, நீ சொன்னதா?"

அவள் போனை எடுத்துப் பழைய பதில்களைத் தேடினாள். இருபது வரி படித்தாள். இம்முறை வார்த்தைக்கு வார்த்தை படித்தாள். சிலவற்றுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பார்ட் பற்றிய பதில் கடைசியில் வந்தது. மூக்கால் அழாதே என்பதோடு அது முடிந்தது.

"சீக்கிரம்னு இல்லையா அதுல?"

"இல்ல."

"கழுதைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கான்?"

"கழுதைன்னு இல்ல. அதைவிடக் கொஞ்சம் கீழ."

"நான் இந்தப் பயலுக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன்," என்றார். "கிலோ ரெண்டு. ஆஸ்பத்திரியில என்னவோ சொன்னான். நான் தேங்க் யூன்னேன். என்ன சொன்னானோ."

அவர் சிரிக்கிறாரா என்று அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"விசாரணைக்கு இதை எடுத்துட்டு வா."

"இதைக் காட்டினா, தெரிஞ்சே ஓட்டினீங்கன்னு ஆயிடும்."

"தெரியாம ஓட்டினேன்னா நான் மெக்கானிக்கே இல்ல. தெரிஞ்சு ஓட்டினேன்னா மனுஷனே இல்ல. எது பரவாயில்ல?"

அவள் நோட்டைப் பையில் வைத்தாள்.

"மெக்கானிக் இல்லைன்னு எவனும் சொல்லக்கூடாது," என்றார்.

*

விசாரணை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அவர்கள் படியில் ஏறினார்கள்.

"டோர் கான்டாக்ட் போச்சு," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

நீள மேசை. தண்ணீர்க் குடுவை, நான்கு டம்ளர். நடுவில் ஒரு ஸ்பீக்கர் போன். விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. ஸ்பீக்கரில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நோட்டின் பக்கங்களை முந்தின நாளே அவருக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த ஊரிலிருந்து பேசினாரோ, பின்னணியில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் நினைத்ததைவிடச் சிறிய உருவம். இருமல் மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைத்தார். மெக்கானிக் அசைக்கவில்லை.

முதலில் சூப்பர்வைசர் பேசினார். ஸ்பீக்கர் அதைத் தமிழில் சொன்னது.

"இவர் ரொம்பப் பண்பான மனுஷன்கிறார். ஆறு வருஷத்துல ஒரு கடுமையான சொல் எழுதினதில்லையாம். பதறாத ஆளுங்கிறார். அவரே சற்று அசௌகரியம்னு எழுதினதால, சற்று அசௌகரியம்னுதான் எடுத்துக்கிட்டேன்கிறார்."

அதில் பொய் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தார். கடிதத்தை எழுதியது நீங்களா. ஆம். உங்கள் கணவர் சொன்னது இதில் இருக்கிறதா. இல்லை. எதில் இருக்கிறது. அவள் நோட்டைத் திறந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை மேசையில் வைத்தாள்.

படித்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

அவள் முதல் வரியைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. ஐயா, சென்ற மாதமே நான் தெரிவித்திருந்ததைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

"அம்மா, மன்னிக்கணும். அதுல அப்படி இல்லைங்களே."

"தெரியும்," என்றாள்.

"நாய்னு ஒண்ணு இருக்கு."

"தெரியுதுங்க."

எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோல என்றார் அதிகாரி.

அவளுக்கு அந்தச் சொற்கள் தெரியும். வாயால் சொன்னதில்லை. ஆறு வருடமாக அவற்றைப் படித்திருக்கிறாள். எல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவர் அனுப்பியவை. வேறெங்கும் அவள் கற்றதில்லை. அவள் மனதில் தாளின் இடது பக்கத்தைத் திறந்தாள்.

"யூ லேஸி பாஸ்டர்ட்," என்றாள்.

சூப்பர்வைசர் மிட்டாயை மெல்வதை நிறுத்தினார். அது போன வருடம் டிசம்பரில் அவர் எழுதியது. அவருக்கு நினைவிருந்ததாகத் தெரிந்தது.

இரண்டாவது வரி. "ஆர் யூ பிளைண்ட் ஆர் ஜஸ்ட் ஸ்டுப்பிட்." அது பிப்ரவரி.

மூன்றாவது வரிக்கு வந்து நின்றாள்.

"அதை விட்டுடலாம்," என்றார் மெக்கானிக் மெதுவாக.

ஸ்பீக்கர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னது. விட முடியாது என்றார் அதிகாரி.

அவள் படித்தாள். இந்த வரிக்குச் சூப்பர்வைசரின் பதில்களில் உதவி இல்லை. தானே கட்ட வேண்டியிருந்தது. சுருக்கமாகக் கட்டினாள். சரியாக வந்ததா என்று ஸ்பீக்கரைப் பார்த்தாள். அது திருத்தவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். ஸ்பீக்கர் கடமை தவறாமல் தமிழில் சொன்னது.

"எங்க அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசுங்கிறார்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா இருக்கட்டும்னு சொல்லுங்க," என்றார்.

ஸ்பீக்கர் சொன்னது.

நான்காவது வரியை அவள் நிறுத்தாமல் படித்தாள். இன்று நான்கு விரல் இறங்குகிறது, நாளை நான்கு மாடி இறங்கும், எவனாவது சாவான், பூட்டச் சொல், இல்லையென்றால் நானே பூட்டுவேன். ஆங்கிலத்தில் அது எளிதாக இருந்தது. சிறிய சொற்கள்.

அதிகாரி மெக்கானிக்கிடம் கேட்டார். நீங்களே பூட்டுவேன் என்று சொன்னவர், ஏன் பூட்டவில்லை?

"ஓட்டுன்னு சொன்னாங்க."

யார் சொன்னால் என்ன, ஆள் சாவான் என்று தெரிந்தவர் நீங்கள்தானே?

அவர் கைகளைப் பார்த்தார். நக இடுக்கில் கிரீஸ் இருந்தது.

"நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேந்துதுன்னு நெனச்சேன். எல்லாம் தெரிஞ்சு ஒரு நல்ல மனுஷன் ஓட்டுன்றார், பார்ட்டு நாளைக்கே வந்துடும்னு நெனச்சேன். அவர் நல்ல மனுஷன்னு எனக்கு வேற யாரும் சொல்லல. லெட்டர்ல அப்படித்தான் இருந்துது."

அதிகாரி சூப்பர்வைசரின் பதிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இதைக் கணவருக்கு எப்படிப் படித்துக் காட்டினீர்கள்?

"பார்ட் சொல்லியாச்சு, அதுவரைக்கும் ஓட்டச் சொல்றார், சீக்கிரம் வருமாம்னு சொன்னேன்."

சீக்கிரம் என்று இதில் எங்கே இருக்கிறது?

"இல்லை."

பிறகு ஏன் சொன்னீர்கள்?

அவள் யோசித்தாள். வலது பக்கத்தில் ஒரு பதில் தயாராக இருந்தது. அதை எடுக்கவில்லை.

"கேக்க நல்லா இருந்துது," என்றாள்.

ஸ்பீக்கர் ஆங்கிலத்தில் சொன்னது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் தையற்காரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை மாவுக்கட்டு. அதன்மேல் குண்டூசிகள் செருகிய பஞ்சுப் பட்டை ஒன்றைப் பழக்கத்தில் கட்டியிருந்தார். இடது கையால் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த மொழி ஆங்கிலம்தான்.

ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்ற வாக்கியம் அவள் நாக்குவரை வந்தது. விழுங்கினாள்.

"டஸ் இட் ஹர்ட்?" என்று கேட்டாள். இடது பக்கத்தின் முதல் சொல்.

"யெஸ்," என்றார் தையற்காரி. கேட்டவளை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

"அந்த லெட்டர் எழுதினது நான்தான்," என்றாள் ஆங்கிலத்தில்.

தையற்காரி படிவத்தைப் பார்த்தார். பிறகு பழைய இடத்துக்கே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

*

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. ஒரு பக்கம். அவர் தொட்டியில் நின்றிருந்தார். வேலைக்குப் போகாத மூன்று வாரத்தில் கை சுத்தமாகிவிட்டது. ஆனாலும் மாலையில் அங்கே நின்று கழுவினார்.

அவள் படித்தாள். தங்கள் நீண்ட சேவையைப் பெரிதும் மதிக்கும் அதேவேளையில், அனைத்து அம்சங்களையும் கவனத்துடன் பரிசீலித்ததன் பேரில், தங்கள் உரிமத்தின் செயல்பாட்டை ஆறு மாத காலத்துக்கு ஒத்திவைப்பது உகந்ததாக இருக்கும் என்ற முடிவுக்கு வர நேர்ந்ததை வருத்தத்துடன்.

"ஏய், ஒரே வார்த்தையில சொல்லு."

"தூக்கிட்டாங்க."

"சுத்தமாவா?"

"ஆறு மாசம்."

"தெரிஞ்சு ஓட்டினேன்னா, தெரியாம ஓட்டினேன்னா?"

அவள் அடுத்த பத்தியைப் படித்தாள்.

"தெரிஞ்சு."

அவர் தலையாட்டினார். தோள் கொஞ்சம் இறங்கியது.

"அவன்?"

"அவரையும் அந்த இடத்துலேருந்து எடுத்துட்டாங்க. தெரிஞ்சுக்காம ஓட்டச் சொன்னதுக்கு. அந்தம்மா கைக்கு ஆகுற வைத்தியமெல்லாம் கம்பெனி பாக்கணும்."

"என் லிஃப்டெல்லாம் யாரு பாப்பா?"

"அது இதுல இல்ல."

"ஏழு மாடிக்கு லைனிங் போட்டாங்களா?"

"அதுவும் இல்ல."

குழாயை மூடினார். துண்டைத் தேடினார். அது அவர் தோளிலேயே கிடந்தது.

"நோட்டை எடு."

எடுத்தாள். தேதி போட்டாள்.

"யாருக்குங்க?"

"ஆபீஸுக்கு. இப்ப அங்க எந்த நாய் உக்காந்திருக்கோ அதுக்கு. எழுது. நான் ஆறு மாசம் வீட்டுல கெடக்குறேன், பரவாயில்ல. ஆனா ஏழு மாடி லிஃப்ட்டு இன்னும் ஓடுதாடா, முண்டம்?"

எழுதினாள்.

"லைனிங் போடலைன்னா பூட்டு. உனக்குத் தெரியலைன்னா தெரிஞ்சவனை அனுப்பு."

எழுதினாள்.

மூன்றாவது வரியைச் சொன்னார். அதுவும் ஒரு அம்மாவைப் பற்றியது. எழுதினாள்.

"எவனாவது செத்தா உன் பேரு நான் சொல்லுவேன். அவ்வளவுதான். அனுப்பு."

"அப்படியேவா?"

"அப்படியே."

அவள் போனை எடுத்து முதல் வரியை ஆங்கிலத்தில் அடித்தாள். முண்டம் என்பதற்குப் பழைய சூப்பர்வைசரின் மார்ச் மாதத்துச் சொல் ஒன்று சரியாக இருந்தது. இரண்டாவது வரியை அடித்தாள். மூன்றாவது வரிக்கு வந்தபோது அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். போனில் இருந்தது அவருக்குப் புரியாது. நோட்டில் இருந்தது புரியும். அதில் விரல் வைத்தார். ஈர விரல். மை கொஞ்சம் கலைந்தது.

"இதை மட்டும் எடுத்துடு," என்றார். "புது ஆளு. அவங்க அம்மாவுக்கு என்ன வயசோ."

அவள் நோட்டில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். மற்றதை அப்படியே அனுப்பினாள்.